நடப்பவர்களுக்கு மட்டும்

எங்கள் தெரு புராதனமானது என்று போன வருஷம்தான் கண்டுபிடித்தார்கள். அதுவரை அது வெறும் சாக்கடை நாறுகிற தெருவாக, நிம்மதியாக இருந்தது. கண்டுபிடித்த பழம்பெருமைக் காப்புக் குழு, தெருமுனைக் கல் வளைவுக்கு அடியில் வரிசையாக இரும்புக் கம்பங்களை நட்டு, 'நடப்பவர்களுக்கு மட்டும்' என்று பலகை மாட்டியது. மறுமுனையில் கோட்டைச் சுவர். ஆக, போக வர இது ஒன்றுதான் வழி. நடுக்கம்பத்தை மட்டும் கழற்றலாம். அதன் பூட்டுச் சாவி குழுச் செயலாளரிடம்.

என் அக்காவால் நடக்க முடியாது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, வாரம் இருமுறை டயாலிசிஸ். நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் மெஷின் அடுத்த ஆளுக்குப் போய்விடும். எப்போதும் செயலாளரே வந்து திறந்துவிடுவார். குறை சொல்லக் கூடாது.

"டேய், சாவிக்காரர் எடுத்தாரா?" என்றாள் அக்கா.

"போனை அணைச்சு வெச்சிருக்காருக்கா. இன்னைக்கு ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து தெருவைச் சுத்திக் காட்டற பாரம்பரிய நடையாம்."

"அவர் நடக்கட்டும். நான் என்ன பறக்கறதா?"

மாமா வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். "கம்பத்தை அறுத்துடலாம்னா அதுக்கே அரை நாள் ஆகும்" என்றார். "செஞ்சது நான்தான். ஆயுசுக்கும் அசையக் கூடாதுன்னாங்க. அசையாது."

"கட்டின பொண்டாட்டிக்கு இவ்வளவு கெட்டியா ஒண்ணும் செஞ்சதில்ல" என்றாள் அக்கா.

ஆட்டோ வளைவுக்கு வெளியே வந்து ஹாரன் அடித்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார வைத்து, ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு போனோம். வளைவுக்குள் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக ஒரு கூட்டம் அடைத்துக்கொண்டு நின்றது. நடுவில் செயலாளர், கையில் மைக்.

"இந்தக் கற்களுக்கு இதயம் உண்டு, நண்பர்களே! களைத்து வந்த எவரையும் இந்த வாசல் காக்க வைத்ததில்லை!"

"சார், கொஞ்சம் வழி..." என்றேன்.

"ஷ்ஷ்" என்றது கூட்டம்.

செயலாளர் எங்களைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "பாருங்கள்! இந்தத் தெரு இன்னும் தன் முதியோரைத் தோளில் சுமக்கிறது!"

"யாருடா முதியோர்? எனக்கு நாப்பத்தாறுதான்!" என்று அக்கா கத்தியது கைதட்டலில் அமுங்கிப்போனது. போன்கள் உயர்ந்தன. ஓர் அம்மாள் நாற்காலியைச் சற்றுத் திருப்பச் சொன்னார், வெளிச்சத்துக்காக.

"சார், ஆஸ்பத்திரி! நேரமாச்சு!" என்று கத்தினேன். அதற்குள் அவர் வளைவின் வலது தூணிலிருந்து இடது தூணுக்கு வந்திருந்தார். அதில் செதுக்கிய கொடி ஒன்றுக்கு நிறையக் கிளைகள் இருந்தன. ஒன்றையும் அவர் விடவில்லை. நாற்காலியை இறக்கி வைத்தோம்.

ஒருவழியாக முடித்துவிட்டு எங்களிடம் ஓடி வந்தார். "அடடா, முதல்லயே சொல்லக் கூடாதா?" உண்மையிலேயே வருத்தப்பட்டார். சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். நாலு பேர் சேர்ந்து கம்பத்தை உருவினார்கள். அதற்கும் கைதட்டினார்கள்.

அப்போதுதான் என் போன் அடித்தது. டயாலிசிஸ் பிரிவு நர்ஸ்.

"எவ்வளவு நேரம்தாங்க பாக்கறது? அடுத்தவங்களைப் படுக்க வெச்சாச்சு. நாளைக்குச் சாயங்காலம் வாங்க. அதுவரைக்கும் தண்ணி ரொம்பக் குறைச்சுக்கணும், சொல்லிட்டேன். மூச்சு வாங்கினா உடனே தூக்கிட்டு வந்துடுங்க."

அக்கா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். அவள் கணுக்கால் காலையிலிருந்தே வீங்கியிருந்தது. வெயிலில் வாடியவளைப் பார்த்து, தொப்பி போட்ட ஒரு பெண் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். அக்கா வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு வாய்டா?" என்றாள்.

நான் பாட்டிலை வாங்கி மூடினேன். உருவிப்போட்ட கம்பத்தையே மாமா பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டோக்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

கூட்டம் எங்களுக்கு முன்னால் தெருவுக்குள் நுழைந்தது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினோம். குறுகல் தெரு, முந்த இடமில்லை. அவர்கள் ஒவ்வொரு வாசலிலும் நின்று கதவின் வேலைப்பாட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டார்கள். பின்னாலேயே நாங்களும் நின்றோம்.