உள்ளே விடும் துணி

தையல்காரருக்கு எச்.ஐ.வி. இருப்பது அவர் மனைவிக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். மாத்திரை சாப்பிடுகிறார், நடமாடுகிறார், பிறகென்ன பயம் என்று கடையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். கட்டியவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

மனிதர் பலே கெட்டிக்காரர். அடுத்தவன் சட்டை தொளதொளத்தால் கேலி பேசியே கொன்றுவிடுவார். அவர் சட்டையோ என்றைக்கும் அளவெடுத்தது போலவே இருக்கும். அதனால் அவர் இளைத்ததை ஒருத்தரும் கவனிக்கவில்லை, ஒரே கட்டிலில் படுக்கிறவள் உட்பட.

அன்று மதியம் இரண்டு வாயோடு தட்டைத் தள்ளிவிட்டார்.

"விழுங்குனா நெஞ்செல்லாம் எரியுது."

வாயைத் திறக்கச் சொன்னாள். நாக்கிலும் தொண்டையிலும் வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருந்தது. போட்டது போட்டபடி இருக்க, ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப அவருடைய பேண்ட்டைத் தேய்க்க எடுத்து உள்பக்கத்தைத் திருப்பினாள்.

இடுப்புத் தையலுக்குப் பக்கத்தில் பழைய ஊசித் தடங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக உள்வாங்கிப் போயிருந்தன. இளைக்க இளைக்க மனிதர் பிடித்துப் பிடித்துத் தைத்திருக்கிறார். அதுகூடப் பரவாயில்லை. உள்ளே விட்டிருந்த துணியையும் ஒட்ட வெட்டியிருந்தார். உடம்பு போட்டால் பிறகு பிரித்து விட வேண்டுமே என்று ஊரார் உடுப்புக்கெல்லாம் துணி விடுகிறவர், தன்னுடையதில் ஒரு விரல்கூட மிச்சம் வைக்கவில்லை.

"இனிமே உடம்பு தேறாதுன்னு நீங்களே முடிவு கட்டிட்டீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நல்லாத்தானே இருக்கோம்னு மாத்திரைய நிறுத்திட்டேன். அப்புறம் இளைச்சப்போ உங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"வெக்கத்தக் கட்டிக்கிட்டு அழுங்க," என்றாள். அழுதது அவள்தான்.

பரிசோதனைகள் முடிந்ததும் டாக்டர் எதையும் மறைக்கவில்லை. "எதிர்ப்பு சக்தி ரொம்பக் கீழ போயிடுச்சு. பூஞ்சை உணவுக்குழாய் வரைக்கும் இறங்கியிருக்கு. இது எய்ட்ஸ் கட்டம்தான். முதல்ல இதுக்கு மருந்து, அப்புறம் எச்.ஐ.வி. மாத்திரை. விடாம சாப்பிட்டா நிறைய பேர் மீண்டு வந்திருக்காங்க. ஆனா இப்பவே உறுதி சொல்ல முடியாது."

வீடு திரும்பியதும் அவள் புதுத் துணியை விரித்து, அவருடைய பழைய அளவைக் குறித்தாள். உள்ளே தாராளமாகத் துணி விட்டுக் கத்தரிக்கோலை எடுத்தாள்.

படுத்திருந்தவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "எனக்குத் தொளதொளன்னு நிக்குமே."

"நிக்கட்டும்," என்றாள். "நாலு பேர் பாக்கட்டும்."