கூரை எழுத்துகள்

கரண்டி உதட்டைத் தொடும் முன்பே அல்ஃபோன்ஸ் மகள் கொரினின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப முதலாளி யாரு?"

காலையிலிருந்து இதே கேள்விதான். எந்தப் பதிலைச் சொன்னாலும் அவர் கட்டிலைவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார். என்ன சொன்னால் படுப்பார் என்பது கொரினுக்குப் பிடிபடவில்லை. இன்றைக்குத் தாண்டாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவர் சரியாகக் கண்ணை மூடியே வெகுநேரமாகிவிட்டது. போகிற உயிர் தூக்கத்தில் போகட்டும். கொரின் வேண்டிக்கொண்டது அவ்வளவுதான்.

"அமெதிஸ்ட்காரங்கதாம்பா," என்றாள், உள்ளதை உள்ளபடி.

"அப்ப ரியோ மார் எழுத்தை இறக்கணுமே. கூரை ஏற என் பெல்ட் எங்க?"

அட்லாண்டிக் சிட்டியின் கடலோர மர நடைபாதையை ஒட்டி நின்ற ஒரு சூதாட்ட விடுதியில் அவர் பராமரிப்பு ஆளாக இருந்தவர். கட்டியவர் அதற்கு நெப்டியூன் என்று பேர் வைத்து, நொடித்துப் போனார். நெவாடாக்காரர்கள் வாங்கி ரியோ மார் ஆக்கினார்கள். அப்புறம் நியூயார்க் கம்பெனி ஒன்று அமெதிஸ்ட் ஆக்கியது. பத்திரம் எழுதுவது வக்கீல்களுக்கு ஒருநாள் வேலை. கூரையில் வேலை செய்கிறவனுக்கு அப்படியில்லை. உப்புக்காற்றில் ஆணியும் மரையும் துருவேறி ஒன்றாகிப்போயிருக்கும். திருக முடியாது, அறுக்கத்தான் வேண்டும். ஆள் உயர எழுத்தைக் கயிற்றில் இறக்கினால், அழுக்குப் படியாத இடம் மட்டும் கூரைச் சுவரில் வெளுப்பாக நிற்கும். பழைய பேரை மணலில் நின்றே படிக்கலாம். முழுச் சுவருக்கும் வண்ணம் அடித்த பிறகுதான் புதுப் பேர் ஏறும். அந்த நாட்களில் அவர் தூக்கத்திலும் எழுத்துக்கூட்டிக்கொண்டிருப்பார் என்று அம்மா சொல்வாள்.

தம்பி வின்ஸ் கட்டிலோரம் வந்து குனிந்தான். "நான்தாம்ப்பா வாங்கிட்டேன்."

"நீயா?" அல்ஃபோன்ஸ் அவனை உற்றுப் பார்த்தார். "அப்ப பூட்டை முதல்ல மாத்தணும். பாதிப் பொருளை நீயே வித்துருவ." சொல்லிக்கொண்டே காலைக் கீழே தொங்கவிட்டார். அக்காவும் தம்பியும் சேர்ந்து அவரைப் படுக்கவைத்தார்கள். வின்ஸ் சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு சூப்பைச் சுடவைக்கப் போனான்.

ஜன்னல் திரை காற்றில் உப்பி அடங்கியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கொரினுக்கு இன்னொரு திரை நினைவுக்கு வந்தது. நெப்டியூன் மூடி, ரியோ மார் வராத வருஷம். அப்பா மட்டும் உள்ளே. கழுவுதொட்டிக்கு அடியில் குழாய் வளைந்து போவதே கொஞ்சம் தண்ணீர் அங்கே தேங்கத்தான். அந்தத் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தை மேலே விடாமல் அடைக்கிறது. ஆள் புழங்காத அறையில் அது வற்றிவிடும். அதனால் அவர் மாடி மாடியாகப் போய் ஒவ்வொரு குழாயையும் கொஞ்சம் திறந்து மூடுவார். அவ்வளவுதான் வேலை. பள்ளிக்கூடம் விட்டு அவரைத் தேடிப்போன கொரின், மேல்மாடி அறையொன்றில் கண்டாள்: ஜன்னல் நிறையக் கடல், திரை மிதந்துகொண்டிருந்தது, ராஜா போலப் பெரிய மெத்தையில், ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, அப்பா பட்டப்பகலில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனம் வராமல் அலைகளைப் பார்த்தபடி அவளும் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

"இப்ப முதலாளி யாரு?"

அவர் மறுபடி மணிக்கட்டைப் பிடிக்க, கொரின் காதோரம் குனிந்து பதில் சொன்னாள்.

அவர் கூரையைப் பார்த்தார். பிடி தளர்ந்தது. "குழாயெல்லாம்?"

"திறந்து விட்டாச்சுப்பா."

"சரி," என்று பக்கவாட்டில் திரும்பி, கன்னத்துக்கடியில் கையை வைத்துக்கொண்டார். மூச்சு நீண்டது. இடைவெளியும் நீண்டது. சுவரில் வெயில் மெல்ல ஏறிக்கொண்டிருக்கும்போது ஒரு மூச்சு வெளியே போயிற்று, அடுத்தது வரவில்லை.

அக்கா காதில் சொன்னதைப் பார்த்தபடி வின்ஸ் கிண்ணத்தோடு வாசலிலேயே நின்றிருந்தான். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான், "என்னக்கா சொன்ன?"

"இன்னும் யாரும் வாங்கலைன்னு சொன்னேன்."