கலக்கி நின்ற நேரம்

அப்பாவின் வலது மணிக்கட்டில் ஜெபமாலையை மூன்று சுற்றுச் சுற்றி, மிச்சத்தைச் சிலுவையோடு தொங்கவிட்டாள் செலின். அந்த விரல்கள் இன்னும் எதையோ பிடித்திருப்பது போல வளைந்திருந்தன.

அப்பா செபஸ்தியான் பதினோரு வருஷம் பிளைவுட் ஆலையில் பசைத்தொட்டி பார்த்தவர். தொட்டிக்குள் ஒரு துடுப்பை மோட்டார் ஓயாமல் சுழற்றும். நின்றால் பசை கல்லாகிவிடும். படுக்கையில் பேச்சு நின்ற பிறகும் மூன்று நாள் அவர் கை மட்டும் அதே வேகத்தில் காற்றைக் கலக்கிக்கொண்டிருந்தது. பார்க்க வந்தவர்கள் வேலைப்பற்று என்று மெச்சினார்கள்.

இன்று காலை பத்து மணிக்கு, வீடு வரை கேட்கும் ஆலையின் சத்தம் நின்றது. கையும் பாதிச் சுற்றில் நின்றது, மூச்சும்.

மதியம் ஆலையிலிருந்து, அப்பாவோடு வேலை பார்த்த ஜெகநாதன் பிளைவுட் சவப்பெட்டி கொண்டுவந்தார். “எல்லாம் அப்பா கலக்குன பசை. மழைக்கு விடாது” என்றார் துக்கத்தோடு.

“காலைல ஏன் மோட்டார நிறுத்துனீங்க அண்ணாச்சி?”

“அப்பாவுக்காகத்தாம்மா. ரெண்டு நிமிசம் மௌனம். மேனேஜர் சாப் இந்தியில பாஷண்னு பேச ஆரம்பிச்சாரு, இருபது நிமிசமாயிட்டு. பசை இறுகி துடுப்பு மாட்டிக்கிட்டு. இப்ப உளி வச்சு கொத்துதானுவ.”

“பத்து மணி வரைக்கும் அப்பாவுக்கு உசிரு இருந்துச்சு.”

அப்பாவைக் கிடத்தியிருந்த பெட்டியின் மூலையை ஜெகநாதன் தடவினார். “எட்டு மணிக்கு வந்தேன். வாசல்ல ஒங்க அம்மா அழுதுட்டு நின்னாக. கேக்க மனசு வரல. எறந்துட்டாருன்னு ஆலையில போய் சொல்லிட்டேன்.”

அம்மா அன்னம்மாள் மூக்கைச் சிந்தினாள். “மூடுங்க. நாலு மணிக்கு சாமியார் வந்துருவாரு.”

“மோட்டார் ஓடட்டும்மா. அதுவரைக்கும் மூட வேணாம்.”

“எதுக்குட்டி?”

செலின் தொங்கிய சிலுவையை நேராக்கினாள். காரணத்தைச் சொன்னால் சாமியார் அவளுக்கும் சேர்த்து ஜெபிப்பார்.

மூன்றரைக்கு ஆலைப் பக்கம் மோட்டார் இருமியது. எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள்; செலினும் ஜன்னலைத்தான் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் மணிகள் உரசுவது போல ஒரு சத்தம். மழையாக இருக்கலாம். துடுப்பு ஒரே ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி சிக்கியது போல மோட்டார் சத்தம் நின்றது.

“ஓடிருச்சுல்ல” என்றார் ஜெகநாதன். ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு மூடியைத் தூக்கினார்.

செலின் திரும்பினாள். மணிக்கட்டில் ஜெபமாலை நான்கு சுற்று இருந்தது. தொங்கிய சிலுவை மேலேறித் தோலோடு இறுகியிருந்தது.

“ஆணியக் கீழ வைங்க அண்ணாச்சி” என்றாள்.