சத்தம் வராத பெட்டி

டெஸ்மண்ட் வந்திருப்பது துக்கம் கேட்க மட்டுமல்ல என்று ஆராவமுதனுக்குத் தெரியும்.

மனைவி ஸ்வர்ணா சேர்த்தது நாணயங்களை அல்ல, அவை வந்த பெட்டிகளை. நினைவு நாணயம் வாங்குகிறவர்கள் நாணயத்தை ஆல்பத்தில் செருகிவிட்டு வெல்வெட் பெட்டியைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். பல வருஷம் கழித்து அதே பெட்டியைத் தேடி அல்சூரில் இருக்கும் இந்த வீட்டுப் படியேறுவார்கள். "இத்தனை பெட்டி வச்சிருக்கியே, ஒண்ணுலயாவது நகை உண்டோ?" என்று மன்னி சீண்டினாலும் ஸ்வர்ணா சிரித்தபடி தூசு தட்டுவாள்.

எந்த நாணயத்துக்கு எந்தப் பெட்டி என்று கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு வழி இருந்தது. நாணயத்தைக் குழியில் வைத்து மூடி, காதருகே ஆட்டிப் பார்ப்பாள். "சத்தம் வந்தா நாணயத்துக்கு அது வாடகை வீடு. வரலேன்னாதான் சொந்த ஆம்," என்பாள்.

டெஸ்மண்டிடம் இருந்தது அவர் அப்பா வாங்கிய நூறு ரூபாய் நாணயம். பெட்டி வீடு மாற்றும்போது தொலைந்துபோனது.

"கிடைச்சிடுச்சுன்னு மேடம் போன்ல சொன்னாங்க சார். அவங்க குரல்ல என்ன ஒரு சந்தோஷம்! அதுக்கப்புறம்தான் ஆஸ்பத்திரின்னு கேள்விப்பட்டேன்."

"எங்க வச்சாளோ, தேடிப் பாக்கறேன்."

தேட வேண்டியதே இல்லை. டெஸ்மண்டுக்கென்று அவள் கண்டெடுத்த பெட்டி ஆராவமுதனின் தலைமாட்டில்தான் இருந்தது. ஸ்வர்ணாவைக் கடைசியாகக் குளிப்பாட்டியபோது யாரோ மெட்டிகளைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தார்கள். மேஜைமேல் அலமாரிக்குப் போகாமல் கிடந்த அந்தப் பெட்டியில் அவற்றைப் போட்டு மூடினார். தினமும் காலையில் எழுந்ததும் ஒருமுறை ஆட்டிப் பார்ப்பார். சமையலறையில் அவள் நடமாடும் சத்தம் வரும்.

டெஸ்மண்ட் எழுந்தார். "பரவால்ல சார். இத்தனை வருஷம் வீடு இல்லாம இருந்து நாணயத்துக்கும் பழகிடுச்சு."

பெட்டியை வீடு என்கிற அந்தப் பேச்சு டெஸ்மண்டுடையதல்ல, ஸ்வர்ணாவுடையது. டெஸ்மண்டிடமும் சொல்லியிருக்கிறாள்.

"உக்காருங்கோ," என்று ஆராவமுதன் உள்ளே போனார். பெட்டியோடு வந்து, மெட்டிகளை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். டெஸ்மண்ட் அதைப் பார்த்துவிட்டு நாணயத்தை வெளியே எடுக்கத் தயங்கினார்.

"சார், வேணாம். அது அங்கயே இருக்கட்டும்."

"நாணயத்தைக் குடுங்கோ."

குழியில் வைத்ததும் கச்சிதமாக உட்கார்ந்தது. மூடிக் காதருகே ஆட்டினார். ஒரு சத்தமும் இல்லை. டெஸ்மண்டின் காதருகேயும் ஆட்டிக் காட்டிவிட்டு, பெட்டியை அவர் கையில் வைத்தார்.

"காப்பி குடிச்சுட்டுத்தான் போகணும்."

சமையலறைக்கு நடந்தபோது சட்டைப்பையில் மெட்டிகள் ஒன்றோடொன்று மோதி அதே சத்தம் வந்தது. அடுப்படியில் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். பிறகு சர்க்கரை எவ்வளவு என்று கேட்க ஹாலுக்கு வந்தார். டிகாஷன் திட்டமா இருக்கலாமா என்று கேட்க மறுபடியும் வந்தார்.

"என்ன சார், ஒரு காப்பிக்கு இத்தனை நடையா?" என்றார் டெஸ்மண்ட்.

"இன்னும் டம்ளர் எடுக்கணும்," என்று ஆராவமுதன் மெதுவாகத் திரும்பி நடந்தார்.