ஆய்வாளர்காம் இயல்

ஐந்து வருடம் உழைத்து எழுதிய ஆய்வேட்டை எழுதியது அவள்தானா என்ற கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அவள் அந்த அறையில் உட்கார்ந்திருந்தாள். கணினி எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் ஒன்றைத் துறையில் புதிதாக வாங்கியிருந்தார்கள். அது அவளுடைய ஏட்டை விழுங்கிவிட்டு, பெரும்பகுதி மனிதர் எழுதியதல்ல என்று அறிக்கை துப்பியது. அதற்கு என்ன வந்தது? தெளிவாக எழுதினால் சந்தேகப்படும், குளறினால் நம்பும். இன்று அவள் தரப்பு எடுபடாவிட்டால் பட்டம் கிடையாது.

கூத்து என்னவென்றால், எழுதியது யார் என்பதைப் பற்றித்தான் அவளுடைய ஆய்வே. ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்கள் ஏன் ‘எனலாம்’, ‘எனக் கருதப்படுகிறது’ என்று திரைக்குப் பின்னால் ஒளிகிறார்கள், இப்போது புதிதாக எழுதுகிறவர்கள் எப்படி ‘நான்’ என்று துணிந்து வெளியே வருகிறார்கள் என்று. வீட்டில் தங்கை இதை வைத்தே அவளை ஓட்டுவாள். “அக்கா, தண்ணி கொதிச்சிடுச்சு எனலாமா?”

எதிரே அவளுடைய ஆய்வு நெறியாளர் சிவப்புப் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனவர், ஓரிடத்தில் நின்றார்.

“இது என்னம்மா? ‘ஆய்வாளர் ஆய்வாளர்கு மாணவர்களிடம் பேசினேன்.’ மேல தலைப்பு வேற, ‘ஆய்வாளர்காம் இயல்’னு இருக்கு.”

“பாத்தீங்களா மேடம்? மெஷின் உளறியிருக்கு” என்றார் நெறியாளர்.

அவளுக்கு முகம் சிவந்தது. இது எப்படிக் கண்ணில் படாமல் போனது? மானம் போகிறதே என்று தலை குனிந்தவள், சட்டென்று நிமிர்ந்தாள். அந்த அசட்டுச் சொல்தான் இப்போது அவளுக்குச் சாட்சி.

“மேடம், அது முதல்ல ‘நான் நான்கு மாணவர்களிடம் பேசினேன்’னு இருந்துச்சு. ‘நான்’ வர்ற இடத்துல எல்லாம் ‘ஆய்வாளர்’னு வரணும்னு கம்ப்யூட்டர்ல ஒரே தட்டுல மாத்தினேன். ‘நான்கு’, ‘நான்காம்’ இதுக்குள்ளயும் ஒரு ‘நான்’ இருக்குன்னு அப்ப தோணல.”

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார், குலுங்கிக் குலுங்கி. பிறகு மறுபடி மாட்டிக்கொண்டு அடுத்தடுத்த பக்கங்களைப் பார்த்தார். ஆய்வாளர் கேட்டேன். ஆய்வாளர் தயங்கினேன். ஆய்வாளர் தவறாக நினைத்திருந்தேன்.

“ஆளை மாத்திட்டே, வினையை விட்டுட்டே. தானா எழுதுற மெஷின் இப்படிச் சொதப்பாது. சரி, எதுக்கு மாத்தினே? உன் ஆய்வே இதுக்கு எதிராத்தானே பேசுது?”

சமர்ப்பிக்க வேண்டிய அன்று காலையில் ‘நான், நான்னு என்னம்மா இது, ஆய்வா சுயசரிதையா’ என்று கடிந்துகொண்ட நெறியாளர் எதிரிலேயே இருக்கிறார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் எதுவும் நடக்கும். ‘மாற்றப்பட்டது’ என்று நழுவிவிடலாம். அப்படி நழுவுவதைத்தான் ஏடு முழுக்கத் திட்டியிருக்கிறாள்.

“நான்தான் மாத்தினேன், மேடம். வேண்டாம்னு சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்.”

நெறியாளர் பேனாவை மேசையில் வைத்தார்.

“மாத்தச் சொன்னது…” என்று இழுத்தவர், சிறிது நேரம் ஜன்னலைப் பார்த்தார். “நான்தான்.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஐந்து வருடத்தில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதேயில்லை. தேர்வாளர் மென்பொருளின் அறிக்கையை மடித்து ஓரமாக வைத்தார். “திருத்திக் கொண்டு வாம்மா. வாய்மொழித் தேர்வுக்குத் தேதி குறிச்சிடலாம்.”

வெளியே வந்ததும் தங்கையைப் போனில் அழைத்தாள்.

“என்னக்கா, தப்பிச்சிட்டே எனலாமா?”

“எனலாம் எல்லாம் இல்லடி. தப்பிச்சிட்டேன்!”

பிறகு நூலகத்துக்குப் போய்க் கோப்பைத் திறந்தாள். ஒரே தட்டில் மாற்றும் வசதி இந்தத் தடவையும் கண்ணெதிரே இருந்தது. அதைத் தொடாமல், முதல் வரியில் நின்ற ‘ஆய்வாளர்’ என்பதைத் தன் கையாலேயே அழித்து, ‘நான்’ என்று அடித்தாள்.