பேட்ரிக் பிறந்த ஊர்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது நான் ஒட்டுக்கேட்ட கதை. கள்ளக்குறிச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில், வெளிநாட்டுப் பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் ஆபீஸ் இருக்கிறது. ஆதார் நகல் எடுக்கப் போனவன், மேலே நடந்த சண்டை முடியும்வரை படிக்கட்டை விட்டு நகரவில்லை. கேட்டது பாதி, மீதி என் கைச்சரக்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அயர்லாந்தின் புல்வெளிகளில் பனி...' [அடித்துவிட்டேன். கல்வராயன் மலையைத் தாண்டி நான் எந்த மலையையும் பார்த்ததில்லை. பனியாம், புல்வெளியாம்!]

2.

தைலம்மாள் கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்காரி. அந்த ஆபீஸில் ஜன்னலோரச் சீட்டு அவளுடையது. இங்கிலாந்திலிருந்து எண்பத்தோரு வயதுப் பெரியவர் ஒருவர் கடிதம் போட்டிருந்தார். அவருடைய கொள்ளுத்தாத்தா பேட்ரிக், அயர்லாந்திலிருந்து லிவர்பூலுக்குப் பிழைக்க வந்தவர். அங்கே எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் மற்றவர்களுக்கெல்லாம் பிறந்த ஊர் இருக்க, பேட்ரிக்குக்கு மட்டும் 'அயர்லாந்து' என்று ஒற்றைச் சொல். அது எந்த ஊர் என்று தேடித் தரச் சொல்லிக் கேட்டிருந்தார்.

பெரியவருக்கு முட்டி போய்விட்டது. மகள் ஒரே தடவை, ஒரே ஊருக்கு அழைத்துப் போவாளாம். அங்கே நின்று கொள்ளுத்தாத்தாவின் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

அயர்லாந்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் இரண்டு பேட்ரிக்குகள் அகப்பட்டார்கள். ஊர்கள் என் வாயில் நுழையவில்லை. மேலூர், கீழூர் என்று வைத்துக்கொள்வோம். மேலூர் பேட்ரிக்குக்கு லிவர்பூல் கணக்கில் உள்ள வயது அச்சாகப் பொருந்துகிறது, அப்பா மைக்கேல். கீழூர் பேட்ரிக்குக்கு நாலு வயது கூடுதல்; அப்பா டேனியல். தைலம்மாள் பதிலில் கீழூரை எழுதினாள். அதற்குத்தான் சண்டை.

3.

"வயசு இடிக்குதேம்மா" என்றார் மேலாளர் கந்தசாமி.

"லிவர்பூல்ல பேட்ரிக்கு தன் மூத்த பையனுக்கு டேனியல்னு பேரு வச்சிருக்காரு சார். தாத்தா பேர வுட்டுட்டு மூத்ததுக்கு வேற பேரு வைப்பாங்களா? எங்க வூட்ல அண்ணனும் இருசப்பன், தாத்தாவும் இருசப்பன்."

"அது உங்க மலைல. அந்த டேனியலு, பொண்டாட்டியோட அப்பன் பேரா இருந்தா இன்னா பண்ணுவ?"

"மொதப் புள்ளைக்கேவா? வூட்ல சண்டை வந்திருக்கும் சார்!"

"சரி, வயசு?"

"என்னை ஜூன் மாசத்துல பொறந்தவள்னு எழுதினதே வாத்தியாருங்க சார். கை காதத் தொட்டுச்சு, சேத்துக்கினாரு. அடமழைல பொறந்தன்னு எங்கம்மா சொல்லுது."

கந்தசாமிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "தப்பாப் போச்சுன்னா உன் சீட்டு போய்டும். சாயந்திரத்துக்குள்ள மேலூர்னு மாத்திடு."

(குறிப்பு: அவர் கெட்டவர் இல்லை. முதல் வரைவில் பெரிய மீசை வைத்து வில்லனாக்கியிருந்தேன். மீசையை எடுத்துவிட்டேன்.)

4.

முடிவு ஒன்று: கீழூர்க் கல்லறைத் தோட்டத்தில் டேனியல் என்ற பெயர் பளிச்சென்று... [சினிமா. அடித்தாயிற்று.]

முடிவு இரண்டு: பெரியவர் யாரோ ஒருவருடைய ஊரில் நின்று, தன் கொள்ளுத்தாத்தாவைக் கூப்பிடுகிறார். தப்பென்று சொல்ல அங்கே ஆளில்லை. அழுகிறார். [அடிக்க மனம் வரவில்லை.]

தைலம்மாள் இன்னும் மாற்றவில்லை, அனுப்பவும் இல்லை. அவளுக்குப் பயமாகத்தான் இருக்கிறது. "சீட்டு போனா வேற சீட்டு. அந்தப் பெரியவரு தப்பான ஊர்ல நின்னுக்கினு கூப்ட்டாருன்னா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள்.

5.

என்னால் ஆகாது. நீங்கள் விவரமானவர், மேலூரா, கீழூரா, அனுப்பும் பொத்தானை நீங்களே அழுத்திவிடுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம்: உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயர் என்ன? அவர் பிறந்த ஊர்?

...

சரி, எனக்கும் தெரியாது. தள்ளி நில்லுங்கள், நானும் தள்ளி நிற்கிறேன். அவளே அழுத்தட்டும்.