சட்டைப்பைச் சோதனை

காலை பதினோரு மணிக்கு என் சட்டைப்பையில் கைப்பேசி ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. குரல் வரவில்லை. ஐந்து நிமிடத்தில் மகன் அழைத்தான்.

"வந்துச்சாப்பா?"

"வரல. பையில கிடந்தா ஊமையாயிடுது. எடுத்துத் திறந்தா 'அப்பா, மாத்திரை'ன்னு உன் குரல் கணீர்னு கேக்குது."

வயதானவர்களுக்கு மாத்திரை வேளையை நினைவூட்டும் செயலி, அவன் செய்தது. சோதனைக்காகத் தன் குரலையே பதிந்து செயலிக்குள் பொதிந்து அனுப்பியிருந்தான். திரை திறந்திருக்கும்போது அந்தக் கோப்பு கைக்கு எட்டுகிறது; மூடிவிட்டால் பின்னணியில் ஓடி வேளைக்குக் குரல் கொடுக்க வேண்டிய 'சர்வீஸ்' என்ற பகுதிக்கு எட்டவில்லை.

"கோப்பு உள்ளேதான் இருக்குப்பா. சர்வீஸுக்குத்தான் வழி தெரியல."

"வீட்டுக்குள்ள இருக்கறத எடுக்கத் தெரியலன்னா அவன் என்னடா வேலைக்காரன்?"

சிரித்தான். அவன் சிரித்துக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. முன்பெல்லாம் மாதம் ஒருமுறை அழைப்பான். உடம்பு எப்படி என்பான், நன்றாயிருக்கிறேன் என்பேன், அவ்வளவுதான். அடிக்கடி பேசு என்று நான் கேட்டதில்லை. பெற்ற பிள்ளையிடம் கையேந்துவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர் என் பையனைப் பற்றி விசாரித்தால், "அவனுக்கு ஆயிரம் வேலை" என்று வாயை அடைத்துவிடுவேன். இந்தப் பத்து நாளாக அவர் கேட்காமலே, "தினமும் கூப்பிடறான்" என்கிறேன்.

"அடேங்கப்பா, மாத்திரைக்கு வந்த வாழ்வு!" என்றார்.

பதினோராம் நாள் வேட்டிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். "அப்பா, மாத்திரை." யாரோ வந்துவிட்டதாக வாசலைத் திரும்பிப் பார்த்தேன். குரல் என் பையிலிருந்து வந்திருந்தது.

உடனே அழைத்தான்.

"முதல்ல திறக்கறப்பவே கோப்பைப் பிரதியெடுத்து வெளியில வெச்சுட்டேன்பா. இனி சர்வீஸ் அதை எடுத்துக்கும். நீங்க சொல்லிட்டா இன்னைக்கே வெளியிட்டுடுவோம். ஆபீஸ்ல எல்லாரும் உங்க பதிலுக்குத்தான் காத்திருக்காங்க. வந்துச்சா?"

பரீட்சையில் பார்த்து எழுதினான் என்பதற்காக, வாத்தியார் வீட்டுக்கே இழுத்துப்போய் அவனை ஒப்புக்கொள்ள வைத்தவன் நான். நம் வீட்டில் பொய் கிடையாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனவன்.

"வரல" என்றேன்.

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"ஒலிச்சதா இங்க பதிவாயிருக்கேப்பா."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். அவன் மேற்கொண்டு கேட்கவில்லை, வைத்துவிடவும் இல்லை. கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். திரையில் வினாடிகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன.